காசல்ரீ கரையில் மூன்று இரவு: கேம்பர் வேனில் வரப்போகிறவர்களுக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். வெள்ளவத்தையிலிருந்து நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று ஐந்து பேர். கேம்பர் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து மலையகத்தில் ஒரு ஏரிக்கரையில் மூன்று இரவு தங்க வேண்டும். ஓகஸ்ட் விடுமுறையில் வருவதா, தைப்பொங்கல் கழிந்து வருவதா? நுவரெலியா கிரகரி வாவியா, வேறு இடமா? வண்டி பெரிதா, சின்னதா?

நான் நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன், பல வருடமாக இந்த ரோட்டில் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். என்னைக் கேட்டால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதிக்குள், வாரநாளில், சின்ன வண்டியில், ஹட்டன் பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு வாருங்கள். ஆனால் மாதம், வண்டி, ஏரி எல்லாவற்றுக்கும் முன்னால் நீங்கள் முடிவுசெய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: இரவு எட்டு மணிக்கு உங்கள் வண்டி எந்தத் தரையில், யாருடைய அனுமதியோடு நிற்கப்போகிறது? இதற்குப் பதில் கையில் இல்லாமல் கிளம்பி வந்து, இருட்டில் ரோட்டோரம் பிள்ளைகளோடு நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டு வீடியோக்களில் ஆர்.வி. என்று காட்டுவார்களே, பஸ் அளவு வண்டியைக் கொண்டுபோய் ஒரு தூணில் மின்சாரத்தையும் ஒரு குழாயில் தண்ணீரையும் மாட்டிவிட்டுக் கதிரை போட்டு உட்காருவார்கள், அந்த மாதிரி ஏற்பாடு மலையகத்தில் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். இங்கே தனியார் நடத்தும் கூடார முகாம்கள் இருக்கின்றன, வளவில் வண்டி விட இடம் தரும் விடுதிகள் இருக்கின்றன. மிச்சமெல்லாம் யாரோ ஒருவருடைய காணி. நீர்த்தேக்கமும் அதன் கரையும் அரசின் மின்சாரத் துறை அல்லது மகாவலி அதிகார சபையின் பொறுப்பில் இருக்கும், அதற்கு மேலே தேயிலை மலை தோட்டக் கம்பனியின் கையில், அதற்கும் மேலே காடு, அது அரசாங்கத்தினுடையது. வெறுமையாகக் கிடக்கிறது என்பதற்காக அது பொது இடம் ஆகிவிடாது.

அதனால் நான் சொல்லும் வழி இதுதான். நீர்த்தேக்கம் தெரிகிற மாதிரி வளவு உள்ள ஒரு விடுதியைப் பிடியுங்கள். ஒரே ஒரு அறை எடுங்கள், அது அம்மாவுக்கு. வண்டியை அந்த வளவில் நிறுத்திக்கொள்ள முன்கூட்டியே போனில் பேசி, சம்மதத்தை வாட்ஸ்அப்பில் எழுத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள். இப்படிச் செய்தால் அனுமதி, கழிப்பறை, சுடுதண்ணி, போன் சார்ஜ், இரவுக் காவல் எல்லாம் ஒரே கட்டணத்தில் முடிந்துவிடும். முகாம் போட்ட மாதிரி இருக்காதே என்று நினைப்பீர்கள். நீங்களும் பிள்ளைகளும் வண்டியில்தான் தூங்கப்போகிறீர்கள், விடியற்காலை கதவைத் திறந்தால் பனி மூடிய தண்ணீர்தான் முன்னால் கிடக்கும், அதில் ஒரு குறையும் வராது. அறுபது தாண்டிய ஒருவரை இரவு இரண்டு மணிக்கு டோர்ச் அடித்துப் பற்றைக்குள் கூட்டிப்போகும் தேவை மட்டும் இருக்காது.

தோட்டத்துக் காணியில்தான் நிற்க வேண்டும் என்றால் தோட்டத்து அலுவலகத்தில் கேட்க வேண்டும். துரை, அதாவது தோட்டத்து மனேஜர், அனுமதி கொடுத்தால்தான் அனுமதி. வழியில் கண்ட ஒருவர் ‘பரவாயில்லை, நில்லுங்கள்’ என்று சொன்னது நல்ல மனசு, அதை வைத்துக்கொண்டு இரவு காவல்காரரிடம் பேச முடியாது. கேட்கும்போது எத்தனை பேர், எத்தனை இரவு, நெருப்பு மூட்டுவீர்களா, குப்பையை என்ன செய்வீர்கள் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சரி, ஏன் காசல்ரீ. கிரகரி வாவி அழகுதான், பிள்ளைகளுக்குப் படகுச் சவாரியும் குதிரையும் பிடிக்கும். 1870களில் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் உண்டாக்கிய வாவி அது. ஆனால் அது நகரத்தின் நடுவில் இருக்கிற வாவி. சுற்றிலும் ரோடு, கடை, விளக்கு. பகலில் போய்ப் பார்க்க நல்ல இடம், வண்டியில் தூங்க இடம் இல்லை. ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்குள் வண்டியை நிறுத்த ஒரு முழம் நிலம் கிடைக்காது. அதோடு அது 1,868 மீட்டர் உயரம், ஜனவரி பெப்ரவரி இரவுகளில் குளிர் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனியே படியும். தகரக் கூரை போட்ட ஒரு வேனுக்குள் பிள்ளைகளோடு அதைத் தாங்குவது கஷ்டம். ரந்தெனிகல பக்கம் கரை அகலம், கூடாரம் போட நிறையப் பேர் போகிறார்கள், ஆனால் அது யானை நடமாடும் சரணாலயம், சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

காசல்ரீ நீர்மட்டம் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவில் பன்னிரண்டு பதின்மூன்று பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஒரு தடித்த கம்பளி, காலுறை, பிள்ளைகளுக்குத் தொப்பி இருந்தால் போதும். கெஹெல்கமு ஓயாவை மறித்து 1960களில் கட்டிய நீர்த்தேக்கம் இது. இங்கிருந்து போகிற தண்ணீர்தான் நோர்ட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. நீர்மின்சாரம் எடுக்கலாம் என்று 1918லேயே எழுதிக்கொடுத்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவின் பெயர்தான் அந்த நிலையத்துக்கு. டிக்கோயா பக்கம் தண்ணீரைப் பார்த்தபடி 1878இல் கட்டிய வார்லி தேவாலயம் இருக்கிறது. சின்னது, கருங்கல்லால் கட்டியது. பிள்ளைகளோடு ஒரு மணித்தியாலம் அமைதியாக இருந்துவிட்டு வரலாம்.

பக்கத்துப் பள்ளத்தாக்கில் மவுஸ்ஸாக்கலை இருக்கிறது, மஸ்கெலியா ஓயாவை மறித்தது. கட்டி முடித்தது 1969இல். பழைய மஸ்கெலியா நகரம் அந்தத் தண்ணீருக்குக் கீழேதான் கிடக்கிறது. வரட்சியில் நீர்மட்டம் நன்றாக இறங்கினால் பழைய கோயிலும் விகாரையும் மெல்ல மெல்ல வெளியே தெரியும். நீங்கள் மார்ச் மாதம் வந்து, மட்டமும் இறங்கியிருந்தால், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ரோட்டிலிருந்து காட்டுங்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அந்தக் கோயிலைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடும், அங்கே தேர் பார்த்தவர்கள் அவர்கள். அந்த இடிபாட்டின் மேல் ஏறி நின்று படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். தூர நின்று கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

மாதத்தைப் பற்றி. ஓகஸ்ட் வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை மேற்குச் சரிவில்தான் வந்து முட்டும், ஹட்டனுக்குக் கீழே வட்டவளை நாட்டிலேயே அதிக மழை விழும் இடங்களில் ஒன்று. அந்த மாதங்களில் காசல்ரீயில் நீங்கள் பார்க்கப்போவது வண்டிக் கண்ணாடியில் வழியும் தண்ணீரையும் உள்ளே காயாமல் தொங்கும் துணியையும்தான். பள்ளிக்கூட விடுமுறை ஓகஸ்டில்தான் கிடைக்கும் என்றால் மலைக்கு அந்தப் பக்கம், ஊவாவுக்குப் போங்கள். வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை பக்கம் அப்போது காய்ந்துதான் கிடக்கும், கச்சான் காற்று மட்டும் பலமாக அடிக்கும். ஆனால் அது வேறு பயணம், அதற்கு வேறாகக் கேளுங்கள்.

ஜனவரி கடைசிக்கும் மார்ச் நடுவுக்கும் இடையில் வானம் பெரும்பாலும் திறந்திருக்கும், நீர்த்தேக்கமும் பெரும்பாலும் முழுக்க வற்றியிருக்காது. ஒரு சிக்கல், அது சிவனொளிபாதமலைப் பருவம். மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை போகும். வெள்ளி பின்னேரம் முதல் ஞாயிறு வரைக்கும், போயா நாட்களிலும், ஹட்டனிலிருந்து நல்லதண்ணி வரை வாகனம் வாகனமாக நிற்கும். அதனால்தான் வாரநாள் என்கிறேன். திங்கள் காலை கொழும்பை விட்டு வியாழன் திரும்பினால் அந்த நெரிசலில் மாட்ட மாட்டீர்கள்.

இப்போது வண்டி. ஐந்து பேருக்குப் பெரிய வண்டி என்று மனசு சொல்லும். கேட்காதீர்கள். டொயோட்டா ஹயஸ் சாதாரண நீளம் 4.7 மீட்டர், அகலம் 1.7 மீட்டர். தோட்டத்து ரோட்டில் எதிரே பஸ் வந்தால் ஒதுங்க அதுவே அளவு. கோஸ்டர் பஸ்ஸை மாற்றிக் கட்டிய வண்டி ஆறு ஏழு மீட்டர் வரும், அதைக் கொண்டை ஊசி வளைவில் ஒரே வெட்டில் திருப்ப முடியாது, பின்னால் வருகிறவர்கள் ஹோன் அடிக்க, பக்கத்தில் பள்ளம் இருக்க, முதல் தடவை ஓட்டுகிறவருக்குக் கை நடுங்கிவிடும். சாதாரணச் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு மொத்த எடை எல்லை 3,500 கிலோ, அதையும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் யாராவது ஓட்டப்போவதாக இருந்தால் அவர்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம் வேண்டும். 2025 ஓகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதைக் கொடுக்கிறார்கள்.

வண்டிக்குள் எத்தனை பேர் தூங்கலாம் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதைப் பார்க்க வேண்டாம், எத்தனை சீட் பெல்ட் இருக்கிறது என்று பாருங்கள். படுக்கையில் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு கினிகத்தேனை ஏற்றம் ஏறுவது உயிரோடு விளையாடுகிற வேலை. காசு கட்டுவதற்கு முன்னால் நேரில் போய் ஓட்டிப் பாருங்கள். மேட்டில் நிறுத்திக் கை பிரேக்கைப் போட்டுக் காலை எடுங்கள். நான் ஒருமுறை வாடகைக்கு எடுத்த வண்டி, எல்லாம் சரி என்று சொல்லித்தான் தந்தார்கள், லக்சபானப் பக்கம் ஒரு சரிவில் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்க இறங்கினால் தன்பாட்டில் பின்னால் நகர்ந்தது. சில்லுக்குக் கல் வைத்த பையன் ஒருவன் இருந்ததால் தப்பினேன். அதிலிருந்து இரண்டு மரக்கட்டை இல்லாமல் நான் மலைக்குப் போவதில்லை, நீங்களும் ஆப்பு மாதிரி வெட்டிய இரண்டு கட்டையை வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பெயார் டயரில் காற்று இருக்கிறதா, ஜக் இருக்கிறதா, காப்புறுதி வாடகைப் பாவனைக்குச் செல்லுமா என்பதையும் பாருங்கள்.

பாதை ஏ7தான். அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன். ஹட்டன் வரைக்கும் ஏறக்குறைய 130 கிலோமீற்றர், காரில் நாலு மணித்தியாலம், உங்களுக்கு நிறுத்தங்களோடு ஆறு என்று வையுங்கள். காலை ஆறுக்கு முன் கொழும்பை விட்டால் மதியம் ஹட்டன். டீசல், காசு, மரக்கறி, மருந்து எல்லாம் அங்கேயே எடுத்துக்கொண்டு டிக்கோயா, நோர்வூட் பக்கம் இறங்குங்கள். கூகுள் மெப் கினிகத்தேனையிலிருந்து நோர்ட்டன் பிரிட்ஜ் வழியாகக் குறுக்குப் பாதை காட்டினால் போக வேண்டாம், அது ஒடுக்கம், வளைவு அதிகம், முதல் தடவை வருகிறவருக்கு ஏற்றதல்ல. மாலை நாலு மணிக்குள் வண்டி நிற்கிற இடத்தில் நிற்க வேண்டும். பின்னேரம் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு முன்னால் தெரியாது, அப்போது பெரிய லைட் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், சின்ன லைட்டில் மெதுவாகப் போக வேண்டும்.

மலையில் ஓட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: ஏறிவருகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். அப்புறம், எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடாகிக் கருகிய வாசம் வரும், அதற்குப் பிறகு மிதித்தாலும் பிடிக்காது. ஓட்டோ கியர் வண்டி என்றால் டி-யில் விட்டு இறங்காதீர்கள், இரண்டிலோ எல்-லிலோ போடுங்கள். வாசம் வந்துவிட்டால் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள், சில்லில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனதை மறந்திருக்க மாட்டீர்கள், அது விடிய முன்னம் நடந்தது. இரவில் ஓடி நேரத்தை மிச்சம் பிடிக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

இனி, வண்டி நிற்கும் தரை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடத்துக்கு முன் ஒரு மார்ச் மாதம், தண்ணீர் வற்றிக் கரை அகலமாகக் கிடந்தது, மேலே வெடித்துக் காய்ந்து சிமெந்து போட்ட மாதிரி இருந்தது. வந்த குடும்பம் தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்க ஆசைப்பட்டது, எனக்கும் அந்த ஆசை இருந்தது, இறக்கிவிட்டேன். இரவு ஒரு மணித்தியாலம் மழை. விடிந்து பார்த்தால் பின் சில்லு இரண்டும் அச்சு வரைக்கும் உள்ளே. மேலே காய்ந்த தோல், கீழே வருடக்கணக்காக ஆறு கொண்டுவந்து கொட்டிய சேறு. நீர்மட்டமும் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. மேலே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ஏழெட்டுப் பேர் இறங்கி வந்து, பலகை போட்டு, தோட்டத்து ட்ரக்டரில் கயிறு கட்டி இழுத்தார்கள். வேலைக்குப் போகும் நேரம், அரை நாள் சம்பளமாவது பாதிக்கும் என்று எனக்குத் தெரியும், காசு நீட்டினேன், வாங்கவில்லை, பிள்ளைகளுக்கு பிளேன்டி போட்டுக் கொடுத்தார்கள். எனக்கு இன்றைக்கும் அது மனசில் நிற்கிறது.

ஆகவே நீர்த்தேக்கத்தின் உள் கரையில், அதாவது புல் முளைக்காமல் வெறும் மண்ணாகக் கிடக்கும் பட்டைக்குள், எந்த மாதத்திலும் வண்டியை இறக்காதீர்கள். தண்ணீர் எதுவரைக்கும் வரும் என்பதை அந்தப் பட்டைதான் காட்டுகிறது. கல் போட்ட தரை, அல்லது பழைய புல் பிடித்த மேடு, அதில் வண்டியின் முகம் வெளியே போகும் பாதையைப் பார்த்து நிற்க வேண்டும். பின்னால் மண் வெட்டிய செங்குத்துச் சுவர் இருந்தால் அதன் காலடியில் நிற்காதீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலையகம் மண்சரிவில் பட்ட பாட்டை எல்லாரும் பார்த்தோம். மழை தொடர்ந்து விழுந்தால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசவாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடும், கிளம்புவதற்கு முந்திய நாளும் தங்கும் நாட்களில் காலையும் மாலையும் அதைப் பாருங்கள். நிலத்தில் புதிதாக வெடிப்பு, மரம் சாய்வது, தெளிவாக ஓடின ஊற்று திடீரென்று கலங்குவது, இதில் எது தெரிந்தாலும் சாமானைப் பற்றி யோசிக்காமல் வெளியேற வேண்டும். இடர் முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, சுவசெரிய அம்புலன்ஸ் 1990. பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி டிக்கோயா கிளங்கன்.

தண்ணீருக்குள் பிள்ளைகளை இறக்கவே வேண்டாம். கடல் மாதிரி மெல்ல ஆழமாகும் கரை இல்லை இது, பள்ளத்தாக்கை நிரப்பிய தண்ணீர், இரண்டு எட்டு வைத்தால் மூன்றாவது எட்டில் கால் தரிக்காது. அடியில் பழைய மரக்கட்டைகள், சேறு, மேலே குளிர். அணைக்குக் கீழே ஆற்றுப் படுக்கையில் பாறை மேல் உட்கார்ந்து சாப்பிடுவதும் கூடாது, மேலே நீர்த்தேக்கம் நிரம்பி வழிந்தாலோ வான்கதவு திறந்தாலோ உங்களுக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். அணைக்கட்டுகளில் காவல் இருக்கிறது, அதன் மேல் ட்ரோன் விடக் கூடாது.

வண்டிக்குள் இருக்கும் பற்றரியைப் பற்றி ஒரு கணக்கு. 100 அம்பியர்மணி பற்றரி என்றால் 12 வோல்ட்டில் 1,200 வோட்மணி. பழைய ஈய அமிலப் பற்றரியானால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, 600தான் கையில். ஒரு சின்னக் குளிர்சாதனப் பெட்டி ஒரு நாளைக்கே ஏறக்குறைய 500 எடுத்துவிடும், மிச்சம் போனுக்கும் பல்புக்கும். அதில் ரைஸ் குக்கரைப் போட்டால் முடிந்தது. மூடுபனி நாளில் கூரையில் இருக்கும் சோலார் பலகையை நம்ப முடியாது. மூன்று நாளுக்கு ஃப்ரிட்ஜே தேவையில்லை என்பேன், ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு மீனும் பாலும் வைத்தால் இந்தக் குளிருக்குத் தாங்கும். ஜெனரேட்டர் கொண்டுவராதீர்கள், இரவில் பள்ளத்தாக்கு முழுக்க அந்தச் சத்தம் கேட்கும், லயத்தில் பிள்ளைகள் படிக்கிற நேரம்.

சமையலுக்கு 2.3 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்று தாராளம். அடுப்பைக் கதவுக்கு வெளியே வையுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் வண்டியின் தரையில்தான் போய்த் தங்கும், மேல் ஜன்னலைத் திறந்து வைத்தால் போகாது. குளிருக்கென்று கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவை மூடித் தூங்குவது உயிரை எடுத்துவிடும், வாசமே தெரியாது. சுடுதண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே நெருப்பு மூட்டுவதென்றால் இரும்புத் தட்டில் மட்டும். மார்ச்சில் மானாப்புல் ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும், மலை முழுக்க எரியும்.

தண்ணீர், ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு அறுபது லீற்றர் என்று வையுங்கள், அதில் பதினைந்து குடிக்க. பீலியில், அதாவது மலையூற்றுத் தண்ணீர் விழும் குழாயில், பிடிக்கலாம், நல்ல தண்ணீர், ஆனால் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், அந்தப் பீலி லயத்துச் சனத்தின் குடிதண்ணீராக இருந்தால் காலையில் அவர்கள் வேலைக்குப் போன பிறகு கேட்டுப் பிடியுங்கள்.

கழிப்பறைப் பெட்டியைப் பற்றிப் பேச யாரும் விரும்புவதில்லை, நான் பேசுகிறேன். அதை விடுதியின் கழிப்பறையில், அவர்களிடம் கேட்டு, ஊற்றுங்கள். ஓடையிலோ நீர்த்தேக்கத்திலோ ஒருபோதும் ஊற்றாதீர்கள். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கீழே சேர்ந்துதான் களனி ஆறு, அந்த ஆற்றில்தான் அம்பத்தலையில் தண்ணீர் எடுத்துச் சுத்திகரித்துக் கொழும்புக்குக் கொடுக்கிறார்கள். வெள்ளவத்தையில் நீங்கள் திறக்கிற குழாயின் மேல் முனை இங்கேதான் இருக்கிறது. நடுவில் எத்தனை தோட்டம், எத்தனை ஊர் இதே தண்ணீரில் குளிக்கிறது. சவர்க்காரத் தண்ணீரையும் கரையிலிருந்து தள்ளி மண்ணில் ஊற்றுங்கள். குப்பை முழுவதையும், பிள்ளைகளின் பம்பர்ஸ் உட்பட, திரும்பக் கொழும்புக்கே கொண்டுபோங்கள். தோட்டத்தில் குப்பை லொறி வராது.

பூச்சி புழு. அட்டைக்கு உப்பும் நீளக் காலுறையும். குளவிதான் உண்மையில் பயப்பட வேண்டியது, கொழுந்து பறிக்கிறவர்கள் எத்தனை பேர் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்பது மலையகத்துச் செய்தி கேட்கிற எல்லாருக்கும் தெரியும். வண்டியை நிறுத்துமுன் மேலே மரக்கிளையையும் பாறை இடுக்கையும் பாருங்கள், கூடு கண்டால் வேறு இடம், அதற்குக் கீழே புகை போடவே வேண்டாம். டிக்கோயா, மஸ்கெலியா மலைகளில் சிறுத்தை இருக்கிறது. அது உங்களைத் தேடி வராது, நாயைக் கொண்டுவந்து அவிழ்த்துவிட்டால் வரும். இருட்டின பிறகு பிள்ளைகளைத் தனியே தேயிலைக்குள் அனுப்பாதீர்கள், அவ்வளவுதான்.

நாட்களை இறுக்கிப் போடாதீர்கள். திங்கள் வந்து சேர்ந்து இறங்கி, தேத்தண்ணி குடித்து, சும்மா இருங்கள். செவ்வாய் முழுக்கக் கரையிலேயே, வார்லி தேவாலயம், மீனவர்களிடம் திலாப்பியா வாங்கி மத்தியானச் சமையல், இரவுக்குத் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும். புதன் காலை மஸ்கெலியா போய் மவுஸ்ஸாக்கலையைப் பார்த்துவிட்டு மதியம் திரும்பிவிடுங்கள். பருவ காலத்தில் இரவு அந்தப் பக்கமிருந்து பார்த்தால் சிவனொளிபாதமலை உச்சி வரைக்கும் விளக்கு வரிசை தெரியும், அம்மாவுக்கு அதைக் காட்டத்தான் வேண்டும் என்றால் ஓர் இரவை அங்கேயே ஒரு விடுதியில் போடுங்கள், இருட்டில் ஓட்டிப் போய் வர வேண்டாம். 2,243 மீட்டர் மலை, அம்மாவோடு ஏறுவது இந்தப் பயணத்தில் அடங்காது. வியாழன் காலை எட்டுக்கு இறக்கம்.

லயத்துப் பக்கம் நடந்தால் வணக்கம் சொல்லி நில்லுங்கள், பேசுங்கள், படம் எடுக்குமுன் கேளுங்கள். கொழுந்துக் கூடையோடு நிற்கிற அக்காமார் வேலையில் இருக்கிறார்கள், நிறுவைக்குக் கணக்கு இருக்கிறது, அவர்களை நிறுத்திவைத்துப் படம் பிடிப்பது அவர்கள் சம்பளத்தில் கை வைப்பது. அரிசி மரக்கறியை டிக்கோயா நோர்வூட் கடைகளில் வாங்குங்கள், கொழும்பிலிருந்து மூட்டை கட்டி வர வேண்டாம்.

முற்பணம் கட்டுமுன் வண்டியின் நீளம், உயரம், எத்தனை சீட் பெல்ட், தரைக்கும் அடிப்பாகத்துக்கும் எவ்வளவு இடைவெளி, இந்த நாலையும் எழுதி அனுப்புங்கள். விடுதியின் பெயர் முடிவானதும் அதையும் சொல்லுங்கள், ரோட்டிலிருந்து அந்த வளவுக்கு இறங்குகிற பாதையில் உங்கள் வண்டி திரும்புமா என்று நான் ஒரு நடை போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.